பழ ஈயின் நரம்புக்குப் பொழுது தெரிவது எப்படி

உயர்தர உயிரியற் பாடத்திட்டத்தில் நரம்புக் கணத்தாக்கம், அதாவது நரம்பில் எழும் மின் துடிப்பு, ஓரிடத்தில் வருகிறது. பரம்பரை அலகிலிருந்து (ஜீனிலிருந்து) புரதம் தோன்றும் விதம் வேறோரிடத்தில் வருகிறது. இரண்டையும் தனித்தனியே படித்து, தனித்தனியே விடை எழுதிப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறார்கள். கிளிநொச்சியில் இந்தப் பாடத்தைக் கற்பித்து வருகிற என்னிடம் சென்ற தவணையில் ஒரு மாணவி, "சேர், உடம்புக்குள்ள மணிக்கூடு இருக்கு எண்டு சொல்லுறீங்கள், அது சரி. அந்த மணிக்கூட்டில நேரம் என்ன எண்டு நரம்புக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். உயிர்களின் நாள் ஒழுங்கை ஆராயும் காலவுயிரியல் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக விடை தேடி வருவதும் இந்தக் கேள்விக்குத்தான். ஒரு பாடவேளையில் சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வியின் கடினம் எங்கே இருக்கிறதென்றால், உடற்கடிகாரத்தின் ஒரு சுற்று முடிவதற்கு 24 மணித்தியாலம், அதாவது 86,400 செக்கன் ஆகிறது. ஒரு நரம்புக் கணத்தாக்கமோ செக்கனின் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்குள் எழுந்து அடங்கிவிடுகிறது. அவ்வளவு மெதுவாக ஏறி இறங்கும் புரதங்கள் இவ்வளவு வேகமான மின் நிகழ்வை எந்த வழியால் கட்டுப்படுத்துகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டியது, நம் வீட்டு வாழைக்குலையைச் சுற்றும் ஒரு பூச்சி.

இங்கு சொல்வது துரோசோபிலா மெலனோகாஸ்டர் என்னும் சிறு ஈயை. பூசணிப் பிஞ்சிலும் மாங்காயிலும் துளையிட்டு முட்டையிடும் பெரிய பழ ஈ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. விவசாயத் திணைக்களத்தார் பொறி வைக்கச் சொல்வது அதற்குத்தான். நாம் பேசும் ஈ மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவானது. கதலிக் குலை கனிந்து ஒரு சீப்பு கறுக்கத் தொடங்கியதும், பாலைப்பழக் காலத்தில் காட்டோரத்தில் உதிர்ந்த பழங்கள் புளிக்கத் தொடங்கியதும் எங்கிருந்தோ வந்து மொய்க்கும். வீட்டில் இதைக் கொசு என்றே சொல்வோம். கைவில்லையை வைத்துப் பார்த்தால் செங்கல் நிறக் கண்களும், மஞ்சட்கபில உடலும், ஆணுக்கு வயிற்று முனையில் ஒரு கரும்பட்டையும் தெரியும். முன்னங்கால் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துவிட்டுத் தலையைத் துடைத்துக்கொள்ளும். நம் பகுதியின் வெயிற்காலத்தில் இதைக் கவனித்தால் விடியற்பொழுதிலும் மாலையிலும் சுறுசுறுப்பாக இருப்பதையும், உச்சிவேளையில் சுவரிலோ இலையின் அடிப்பக்கத்திலோ ஒட்டியபடி அசையாமல் கிடப்பதையும் காணலாம். இந்த ஒழுங்கு வெறுமனே வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் காட்டும் எதிர்வினையன்று. பன்னிரண்டு மணித்தியாலம் ஒளி, பன்னிரண்டு மணித்தியாலம் இருள் என்று பழக்கிவிட்டுப் பின்னர் ஒரே வெப்பநிலையில் முழு இருளில் வைத்தாலும், ஏறக்குறைய 24 மணித்தியாலத்துக்கு ஒரு முறை அதே ஏற்றமும் இறக்கமும் தொடர்ந்து வரும்.

1971 இல் கலிபோர்னியாவில் சீமோர் பென்சரின் ஆய்வுகூடத்தில் மாணவராக இருந்த ரொனால்ட் கொனொப்கா, இந்த ஒழுங்கு கெட்ட மூன்று விகாரி ஈ வகைகளை, அதாவது பரம்பரை அலகு மாறிப்போன ஈக்களை, கண்டுபிடித்தார். ஒன்றின் நாள் 19 மணித்தியாலம், மற்றொன்றின் நாள் 28 மணித்தியாலம், மூன்றாவதற்கு நாள் என்ற கணக்கே இல்லை. மூன்று விகாரமும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் ஒரே பரம்பரை அலகில் இருந்தன. 'பீரியட்' என்று பெயரிடப்பட்ட அதைத் தொடர்ந்து ஜெஃப்ரி ஹோல், மைக்கல் றொஸ்பாஷ், மைக்கல் யங் ஆகியோர் செய்த வேலைக்கு 2017 இல் நோபல் பரிசு கிடைத்ததும் பலருக்குத் தெரிந்த செய்தி. அந்தச் சுற்று இப்போது பல நூல்களில் இருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன்: 'குளொக்', 'சைக்கிள்' என்னும் இரு புரதங்கள் சேர்ந்து 'பீரியட்', 'ரைம்லெஸ்' ஆகியவற்றின் பிரதியெடுத்தலைத் தூண்டுகின்றன, அவற்றால் உருவாகும் புரதங்கள் மாலை தொடங்கிக் குழியவுருவில் சேர்ந்து, இரவில் கலத்தின் கருவுக்குள் நுழைந்து, தம்மை உண்டாக்கிய 'குளொக்', 'சைக்கிள்' சோடியையே அடக்கிவிடுகின்றன, விடிந்த பின் அவை சிதைந்து தீர, மறுபடி எல்லாம் தொடங்குகிறது. பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஈயின் காலும் சிறகும் கருவுக்குள் நடப்பதைப் பார்த்து அசைவதில்லை. நரம்பு சொன்னால்தான் அசையும். அந்த மாணவியின் கேள்வியும் இங்கேதான் தொடங்குகிறது.

ஈயின் மூளையில் ஏறக்குறைய 1,40,000 நரம்புக்கலங்கள் உள்ளன. அவற்றுள் கடிகாரப் புரதங்கள் சுழலும் கலங்கள் 150 என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தன. மூளை முழுவதன் இணைப்பு வரைபடம் அண்மையில் வந்த பின் 240 அளவில் இருக்கும் என்று தெரிகிறது. எப்படிப் பார்த்தாலும் ஆயிரத்தில் இரண்டுக்கு மேல் இல்லை. மூளையின் பக்கவாட்டில் சில, முதுகுப்புறத்தில் சில என்று அவை சிறு கூட்டங்களாகப் பிரிந்து இருக்கின்றன. முதுகுப்புறத்தின் பின்பகுதியில் உள்ள ஒரு கூட்டத்தைத்தான் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் ரவி அலாடாவும் அவருடைய குழுவினரும் எடுத்துக்கொண்டார்கள். உயிருள்ள ஈயின் மூளையை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் வைத்து, தலைமயிரை விடப் பன்மடங்கு நுண்ணிய கண்ணாடி முனையொன்றைத் தனியொரு நரம்புக்கலத்தின் மென்சவ்வோடு ஒட்டவைத்து, உள்ளே ஓடும் மின்னோட்டத்தை அளப்பது எவ்வளவு பொறுமை வேண்டும் வேலை என்பதை, ஒரு ஈயின் தலையை ஊசியால் பிரித்துப் பார்க்க முயன்ற எவரும் ஒப்புக்கொள்வார்கள். அவர்கள் அதைக் காலையிலும் மாலையிலும் இரவிலும் செய்தார்கள். 2015 இல் முடிவு வெளிவந்தது.

நரம்புக்கலம் சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தை விட எதிரேற்றம் கொண்டிருக்கும்; இதைத்தான் ஓய்வழுத்தம் என்று படிக்கிறோம். பாடநூல் இதை ஒரு நிலையான எண்ணாகத் தருவதால், ஓய்வழுத்தம் என்றால் நாள் முழுவதும் அசையாமல் நிற்பது என்றே பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிடுகிறது. அது அப்படியில்லை. இந்தக் கடிகாரக் கலங்களில் காலையில் ஓய்வழுத்தம் மேலெழுந்து கணத்தாக்கம் தொடங்கும் எல்லைக்கு அருகே நிற்கிறது. கலம் அடிக்கடி கணத்தாக்கங்களை எழுப்புகிறது. மாலைக்கும் இரவுக்கும் அது கீழே இறங்கிவிடுகிறது. கலம் பெரும்பாலும் அமைதியாகிறது. இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வெவ்வேறு கால்வாய்கள், அதாவது அயன்களை மென்சவ்வினூடாகக் கடக்கவிடும் புரதங்கள், பொறுப்பு. காலையில் சோடியம் அயன்கள் எப்போதும் சிறிது சிறிதாகக் கசிந்து உட்புகும் ஒரு கால்வாயின் ஓட்டம் உயர்கிறது. மாலையிலும் இரவிலும் பொற்றாசியம் அயன்கள் வெளியேறும் ஓட்டம் உயர்கிறது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. சைக்கிளின் ஒரு மிதி மேலே வரும்போது மற்ற மிதி கீழே போவது போல என்பதால் ஆய்வாளர்களே இதற்குச் சைக்கிள் மாதிரி என்று பெயர் வைத்தார்கள் (மேலே சொன்ன 'சைக்கிள்' புரதம் வேறு). சைக்கிளில் பள்ளிக்கூடம் வரும் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சோடியம் கசியும் அந்தக் கால்வாயின் புரதத்தை உண்டாக்கும் பரம்பரை அலகின் அளவைக் கடிகாரம் நேரடியாகக் கூட்டிக் குறைப்பதில்லை என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. கால்வாய்ப் புரதம் கலத்துக்குள் உள்ள அகமுதலுருச் சிறுவலை என்னும் சவ்வு வலையில் உருவாகி, அங்கிருந்து மென்சவ்வுக்குப் போய்ச் சேர வேண்டும். அதை அனுப்பி வைப்பதற்கு 'என்.எல்.எஃப்-1' என்ற துணைப் புரதம் ஒன்று தேவைப்படுகிறது. நாளின் ஒழுங்கில் கூடிக் குறைவது இந்தத் துணைப் புரதம்தான். அது மிகுந்திருக்கும் நேரத்தில் அதிகக் கால்வாய்கள் மென்சவ்வில் வந்து அமர்கின்றன, கசிவு கூடுகிறது, ஓய்வழுத்தம் உயர்கிறது, கலம் எழுகிறது. 24 மணித்தியாலச் சுற்றுக்கும் மில்லிசெக்கன் நிகழ்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி இப்படித்தான் நிரப்பப்படுகிறது. கடிகாரம் ஒவ்வொரு கணத்தாக்கத்தையும் கட்டளையிட்டு எழுப்புவதில்லை. கணத்தாக்கம் எளிதில் எழக்கூடிய நிலைமையையோ எழமுடியாத நிலைமையையோ சில மணித்தியாலங்களுக்கு ஏற்படுத்திவைக்கிறது. அதே ஆய்வில் எலியின் மூளையில் உள்ள கடிகார மையத்தில் அளந்தபோது அங்கும் இதே இரு ஓட்டங்கள் மாறிமாறி வருவது தெரிந்தது. ஈ பகலில் விழிப்பது, எலி இரவில் விழிப்பது. ஆயினும் இருவகையிலும் அவர்கள் அளந்த கடிகாரக் கலங்கள் பகலின் தொடக்கப் பகுதியிலேயே மின்செயற்பாட்டில் உயர்ந்து நிற்கின்றன. விழிப்பதா உறங்குவதா என்பது அதற்குக் கீழே உள்ள சுற்றுகளில் தீர்மானமாகிறது.

கணத்தாக்கங்களின் எண்ணிக்கை மட்டும்தான் முக்கியம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் வூவின் குழுவினர் 2018 இல் இதே முதுகுப்புறக் கலங்களைப் பார்த்து வேறொன்றைச் சொன்னார்கள். அவர்கள் ஒப்பிட்ட நேரங்களில் கணத்தாக்கங்களின் வீதம் பெரிதாக மாறவில்லை. ஆனால் பகலில் அவை ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்தன, இரவில் ஏறத்தாழச் சம இடைவெளியில் வந்தன. பகலின் அந்த ஒழுங்கற்ற தாளத்தைச் செயற்கையாகக் கொடுத்தாலே அடுத்து நிற்கும் விழிப்பு நரம்புக்கலங்களின் இணைப்பு வலுப்பெற்று, அவை கூடுதலாக எழுகின்றன; எண்ணிக்கையைக் கூட்டத் தேவையில்லை. ஒரு குழு வீதம் என்கிறது, மற்றக் குழு தாளம் என்கிறது. என் வாசிப்பில் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அளந்த நேரங்களும் அளந்த முறையும் ஒன்றல்ல, ஒரே கலம் காலை எழுச்சிக்கு ஒரு வழியையும் இரவு உறக்கத்துக்கு வேறொரு வழியையும் கையாள்வதற்குத் தடையுமில்லை. இதே குழுவினர் 2014 இல் கண்ட 'வைட் அவேக்' என்னும் பரம்பரை அலகும் இதனோடு தொடர்புடையது. அந்திப் பொழுதில் அதன் புரதம் கூடி, பக்கவாட்டில் உள்ள பெரிய கடிகாரக் கலங்களில் கலத்தை அமைதியாக்கும் சமிக்ஞையைப் பெறும் வாங்கிகளை மிகுவிக்கிறது. அது இல்லாத ஈ, விளக்கணைத்த பின் நெடுநேரம் உறங்காமல் அலைகிறது.

ஒவ்வொரு கலமும் தன் நேரத்தை இப்படி மின்னாக மாற்றுகிறதென்றால், எல்லாக் கடிகாரக் கலங்களும் ஒரே வேளையில் எழுந்து ஒரே வேளையில் அடங்க வேண்டுமல்லவா? அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் உள்ள வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பால் டகேர்ட்டின் குழுவினர் உயிருள்ள ஈயின் தலையோட்டில் சிறு சாளரம் திறந்து, நரம்புக்கலம் எழும்போது அதனுள் கூடும் கல்சியம் ஏறி இறங்குவதை ஒரு முழு நாள் தொடர்ந்து பார்த்து 2016 இல் தந்த விடை எதிர்பார்த்ததற்கு மாறானது. 'பீரியட்' புரதம் எல்லாக் கூட்டங்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குகிறது. கல்சியமோ ஒவ்வொரு கூட்டத்திலும் வேறு வேளையில் உச்சம் தொடுகிறது: காலைச் செயற்பாட்டுக்குப் பொறுப்பான சிறிய பக்கக் கலங்களில் விடியலுக்கு முன், பெரிய பக்கக் கலங்களில் நண்பகல் அளவில், மாலைச் செயற்பாட்டுக்குப் பொறுப்பானவற்றில் பிற்பகலில், முதுகுப்புறக் கூட்டங்களில் இரவின் வெவ்வேறு பகுதிகளில். ஈ நடமாடத் தொடங்குவதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்னரே அதற்குரிய கூட்டம் எழுந்துவிடுகிறது. விடிந்த பின் எழாமல் விடியப்போகிறது என்று முன்கூட்டியே எழுவதன் இரகசியம் இங்கே இருக்கிறது. கூட்டங்களைப் பிரித்து வைப்பதில், சிறிய பக்கக் கலங்கள் சுரக்கும் 'பி.டி.எஃப்' என்ற நரம்புப் பெப்தைட்டுக்கு (பிற நரம்புகளுக்குச் செய்தி சொல்லும் சிறு புரதத் துண்டுக்கு)ப் பெரும் பங்குண்டு. அது இல்லாத ஈயில் காலை எழுச்சி காணாமற்போகிறது, மாலை எழுச்சி முந்திவிடுகிறது, முழு இருளில் சில நாட்களில் ஒழுங்கே குலைகிறது. அக்கலங்களின் நரம்பு முனைகளைப் புவெனஸ் அயர்சில் மரியா பெர்னாண்டா செரியானியும் உடனாய்வாளர்களும் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, காலையில் கிளைவிட்டு விரிந்தும் இரவில் கிளை சுருங்கியும் ஒவ்வொரு நாளும் வடிவமே மாறுவதைக் கண்டார்கள். வளர்ந்த மூளையின் நரம்பு ஒரே நாளில் தன் கிளையை விரித்துச் சுருக்கும் என்பதை நான் முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் எண்ணினேன்.

இதுவரை சொன்னதில் கடிகாரம் ஆட்டுவிக்கிறது, நரம்பு ஆடுகிறது. உண்மையில் ஓட்டம் ஒருவழிப்பட்டதன்று. 2002 இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் பக்கக் கடிகாரக் கலங்களில் கூடுதலான பொற்றாசியக் கால்வாய் ஒன்றைப் புகுத்தி அவற்றை மின்னளவில் ஊமையாக்கினார்கள். நடமாட்ட ஒழுங்கு கெடும் என்று எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் முழு இருளில் கலத்துக்குள் இருந்த புரதச் சுற்றே நின்றுபோயிற்று. பின்னர் 2012 இல் அதே இடத்தில், கலங்களைச் செயற்கையாக மிகையாகத் தூண்டினால் அவற்றின் பரம்பரை அலகுகளின் செயற்பாடு காலை வேளைக்குரியதாகவும், அடக்கினால் மாலை வேளைக்குரியதாகவும் மாறுவதைக் காட்டினார்கள். ஆகவே, மணிக்கூட்டைப் பார்த்து நரம்பு நேரம் அறிகிறது என்று அந்த மாணவிக்கு நான் சொன்ன முதல் விடை பாதிதான். நரம்பின் செயற்பாடும் மணிக்கூட்டைத் திருத்தி வைக்கிறது.

வெளிச்சமும் இந்த இரு வழிகளிலும் நுழைகிறது. ஈயின் கடிகாரக் கலங்கள் பலவற்றுள் 'கிறிப்டோகுரோம்' என்ற நீல ஒளியை உணரும் புரதம் உண்டு. ஒளி பட்டதும் அது 'ரைம்லெஸ்' புரதத்தைச் சிதைவுக்கு உட்படுத்திக் கடிகாரத்தை நகர்த்துகிறது. அதுவே, பெரிய பக்கக் கலங்களில் ஒளி பட்ட சிறிது நேரத்துக்குள் கணத்தாக்க வீதத்தையும் உயர்த்துகிறது. இது 2011 இல் தெரியவந்தது. எந்நேரமும் ஒளியில் வைத்த ஈ சில நாட்களில் ஒழுங்கிழந்துவிடும். கிறிப்டோகுரோம் கெட்ட ஈயோ அந்த ஒளியிலும் ஒழுங்கோடு நடமாடும். இரவு முழுவதும் விளக்கெரியும் ஏ-9 வீதிக் கடைகளில் வாழைக்குலையைச் சுற்றும் ஈக்களின் நாள் எப்படி இருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இருள் என்றால் என்ன என்று தெரியும். இங்கு பிறந்த ஈக்களுக்கும் அப்போது தெரிந்திருக்கும்.

நுளம்புகளிலும் இதே புரதம் வேலை செய்கிறது. பகலில் கடிக்கும் டெங்கு நுளம்பு குறுகிய அலைநீள ஒளியை நாடுவதையும், இரவில் கடிக்கும் மலேரியா நுளம்பு அதைத் தவிர்ப்பதையும், அந்த நாட்டமும் தவிர்ப்பும் நாளின் நேரத்தைப் பொறுத்து மாறுவதையும் 2020 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. மலேரியாவுக்கு வலை கட்டிப் படுத்த பிரதேசம் நம்முடையது. இலங்கை மலேரியா அற்ற நாடென்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த பின், இப்போது பகற்கடிக்கு அஞ்சுகிறோம். இரண்டுக்கும் வேளை குறிப்பது அந்தந்தப் பூச்சியின் கடிகாரக் கலங்கள்.

உச்சிவேளை ஓய்வு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அது நம் காலநிலைக்கு நெருங்கியது. 'பீரியட்' பரம்பரை அலகின் செய்தியாளர் ஆர்.என்.ஏ.யின் கடைசிப் பகுதியில் வெட்டி நீக்கப்பட வேண்டிய ஒரு துண்டு உண்டு. குளிரில் அந்த வெட்டு நன்றாக நடக்கிறது. புரதம் விரைவில் சேர்ந்து மாலைச் செயற்பாடு முந்துகிறது. வெப்பத்தில் வெட்டு மந்தமாகிறது, புரதம் தாமதிக்கிறது, நடுப்பகல் ஓய்வு நீண்டு மாலை எழுச்சி பொழுதுபடும் வேளைக்குத் தள்ளிப்போகிறது. ஆபிரிக்க வெப்பவலயத்திலேயே தங்கிவிட்ட துரோசோபிலா யாக்குபா என்னும் இனத்தில் இந்த வெப்பநிலைக் கட்டுப்பாடு இல்லை. குளிர்நாடுகளுக்குப் பரவிய இனத்துக்கே அது தேவைப்பட்டது என்பது விளக்கம். ஆனால் 2012 இல் இத்தாலியில் ஈக்களை ஆய்வுகூடத்துக்கு வெளியே, இயற்கை ஒளியிலும் வெப்பத்திலும் வைத்துப் பார்த்தபோது, வெப்பம் மிகுந்த நாட்களில் நடுப்பகல் ஓய்வுக்குப் பதிலாகப் பிற்பகலில் பெரும் நடமாட்டம் தெரிந்தது. சிறு கண்ணாடிக் குழாய்க்குள் வெயிலிலிருந்து தப்ப இடமில்லாமல் ஓடிய ஓட்டமா, இயல்பான செயற்பாடா என்ற விவாதம் அதன் பின் எழுந்தது. தப்ப முடியாமல் ஓடியது என்ற பக்கமே நான் சாய்கிறேன். வாழையிலையின் அடியில் நிழல் கிடைக்கும் ஈ பங்குனி வெயிலில் எதற்கு ஓட வேண்டும்?

வன்னியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணித்தியாலந்தான். வெப்பமோ மார்கழி மழைக்கும் சோளகக் காலத்துக்கும் இடையே மிகவும் மாறுகிறது. பகலின் நீளத்தை விட வெப்பமே இங்குள்ள ஈயின் கடிகாரக் கலங்களுக்குப் பருவத்தைக் கூடுதலாகச் சொல்லும் என்பது என் ஊகம். இதைச் சோதிக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஐந்து மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாய்கள், ஒரு முனையில் சீனி கலந்த அகார், மறு முனையில் பஞ்சு, நடுவில் ஈ கடக்கும்போது அறுபடும் செங்கீழ்க்கதிர் ஒன்று, அறுபடுவதை எண்ணும் ஒரு சிறு மின்சுற்று ஆகியவை போதும். கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தின் மாணவர்கள் எவராவது இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால் இதை எடுத்துக்கொள்ளலாம். குழாய்களில் பாதியை வெட்டையிலும் பாதியை மரநிழலிலும் வைத்தால், இத்தாலியில் எழுந்த விவாதத்துக்கும் சேர்த்து ஒரு விடை கிடைக்கும்.